இலங்கை–இந்திய வணிகம்: சுங்கவரி குறைந்தால் மட்டும் போதுமா?

சரக்குப்பெட்டி (வாஷி, நவி மும்பை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாவா சேவா துறைமுகம் வழியாகக் கொழும்புக்குச் சரக்கு அனுப்பிவைக்கும் தொழிலில் நெடுங்காலமாக இருக்கிறேன். மும்பையில் வாழும் தமிழர்களில் இத்தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்கள் பலர் இங்கே இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28 அன்று தடையற்ற வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அது 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை விரிவாக்கிச் சேவைத் துறைகளையும் முதலீட்டையும் சேர்ப்பதற்கான பேச்சு 2016இல் தொடங்கி, 2018இல் நின்று, 2023இன் இறுதியில் மீண்டும் உயிர் பெற்றது. ஒவ்வொரு முறை இந்தப் பேச்சு எழும்போதும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறையும் என்பதைப் பற்றியே இரு நாட்டுச் செய்தித்தாள்களும் எழுதுகின்றன. இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து வேறு. சுமார் 2.2 கோடி மக்களைக் கொண்ட இலங்கை, அதாவது ஏறத்தாழ மும்பைப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகையையே கொண்ட ஒரு நாடு, இந்தியா போன்ற பெரிய பொருளாதாரத்தோடு வணிகம் செய்யும்போது அதற்கு முதலில் தேவைப்படுவது, இன்று இருக்கும் விதி நாளையும் இருக்கும் என்ற உறுதி. வரிச் சலுகை அதற்கு அடுத்தபடிதான்.

2023–24 நிதியாண்டில் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த பொருள் வணிகம் சுமார் 554 கோடி டாலர். அதில் இந்தியா விற்றது ஏறத்தாழ 411 கோடி, இலங்கை விற்றது 142 கோடி. இந்தியாவின் மொத்த ஏற்றுமதியோடு ஒப்பிட்டால் இது சிறு துளி. இலங்கைக்கோ இந்தியா மிகப்பெரிய விற்பனையாளர்களில் ஒருவர். ஆகவே தில்லியில் ஒரு மாலைப்பொழுதில் வெளியாகும் அறிவிக்கை இங்கே ஒரு கோப்பின் இயக்கமாக இருக்கலாம், ஆனால் கொழும்பில் அது அந்த வாரத்துச் சமையலின் விலையாகிவிடுகிறது. இதைப் பற்றி உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

மாட்டுங்கா_ஆசிரியை எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. கல்லூரியில் பொருளியல் கற்பிப்பவள் என்பதால் முதலில் ஒரு தெளிவு தேவை என்று நினைக்கிறேன். 411 கோடிக்கும் 142 கோடிக்கும் உள்ள இடைவெளியைக் கண்டு, இலங்கை ஏமாற்றப்படுகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து இலங்கை வாங்குபவற்றில் எரிபொருளும் மருந்தும் மட்டுமல்ல, துணியும் நூலும் பெருமளவில் உள்ளன. அந்தத் துணி அங்கே ஆடையாகத் தைக்கப்பட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. இந்தியாவிடம் தோன்றும் பற்றாக்குறையின் ஒரு பகுதி, வேறிடத்தில் கிடைக்கும் உபரிக்கான மூலப்பொருள் செலவு. ஒரு நாட்டோடு உள்ள கணக்கைத் தனியே எடுத்து வைத்து இலாப நட்டம் பார்ப்பது வீண் சச்சரவையே வளர்க்கும். மேலும், கொழும்புத் துறைமுகம் இந்தியச் சரக்கை மாற்றி ஏற்றிப் பெறும் வருவாயும், இந்தியச் சுற்றுலாப் பயணிகள் செலவிடும் பணமும் (2024இல் இலங்கைக்கு வந்த 20 லட்சத்துச் சொச்சம் பயணிகளில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர்) அந்த 142 கோடிக்குள் வருவதில்லை.

1998 உடன்பாட்டை எழுதியவர்கள் இரு நாடுகளும் ஒத்த அளவுடையவை அல்ல என்பதை அறிந்தே எழுதினார்கள். இந்தியா தன் சலுகைக்கு வெளியே நிறுத்திய பொருள்கள் 429. இலங்கைக்கு அனுமதிக்கப்பட்ட விலக்குப் பட்டியல் 1,180. இந்தியா மூன்றாண்டுகளில் வரியை நீக்க வேண்டும், இலங்கைக்கோ எட்டாண்டுகள். தாளில் பார்த்தால் இது சிறிய நாட்டுக்குச் சாதகமான உடன்பாடு. ஆயினும் இலங்கை எதை உண்மையில் விற்க முடியுமோ அதிலெல்லாம் ஒதுக்கீடு வந்து நின்றது. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்ற வரம்பு. ஆடைக்கு 80 லட்சம் உருப்படி, அதிலும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். இரண்டும் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாகவே வர வேண்டும். இவற்றுள் சில பின்னர் தளர்த்தப்பட்டன என்பது உண்மை. ஆனால் ஒரு வணிகம் வேரூன்ற வேண்டிய முதல் சில ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன.

ஆகவே சரக்குப்பெட்டி அவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். என்றாலும் உறுதி என்பதை நேர அளவில் மட்டும் பார்க்காமல், உடன்பாட்டின் தலைப்பில் கொடுத்ததை அதன் இணைப்பில் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இருப்பதாகவும் பார்க்க வேண்டும்.

மிளகுக்கொடி (செம்பூர்) எழுதியது:

இருவரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். எங்கள் குடும்பத்துக்குக் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டமும், அதன் நிழல் மரங்களில் படர்ந்த மிளகும் உண்டு. நான் மும்பையில் வேலை பார்க்கிறேன் என்றாலும் தோட்டத்துக் கணக்கு என் கையில்தான். அந்த இடத்திலிருந்து ஒரு கேள்வி: உறுதி யாருக்கு?

2016 வாக்கில் கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்ற மிளகு, இரண்டாண்டுகளுக்குள் 400க்கும் கீழே இறங்கியது. உலகச் சந்தையில் வியட்நாமின் விளைச்சல் பெருகியதே முதற்காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மிளகு நேராக இந்தியாவுக்குள் வந்தால் ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய வரி கட்ட வேண்டும். இலங்கை மிளகுக்கோ, இருதரப்பு உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை, அதற்கு மேல் தெற்காசிய உடன்பாட்டின்படி 8 விழுக்காடு மட்டும். இவ்வளவு வேறுபாடு இருக்கும் இடத்தில் வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி இலங்கைச் சான்றிதழோடு இங்கே வராமல் இருக்குமா? குடகிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் எங்கள் மலையிலும் உள்ள சிறு விவசாயிகள் அனைவரும் இதைத்தான் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் இந்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது அதன் பிறகே.

இது திடீர் அறிவிக்கைதான், சரக்குப்பெட்டி அவர்களே. முன்கூட்டியே மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தால் அந்த மூன்று மாதத்தில் என்னவெல்லாம் வந்து குவிந்திருக்கும் என்பதை வாஷி மசாலாச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உடன்பாடு நடைமுறைக்கு வந்த புதிதில் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். இலங்கையின் இந்திய ஏற்றுமதி 2000இல் 6 கோடி டாலருக்கும் குறைவாக இருந்து, 2005இல் 55 கோடியைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி வனஸ்பதியும் செம்பும். செம்புத் தாதுச் சுரங்கம் இல்லாத நாட்டிலிருந்து செம்பு வந்தது, செம்பனை எண்ணெயை வெளியிலிருந்து வாங்கிய நாட்டிலிருந்து வனஸ்பதி வந்தது. இதை வணிக வளர்ச்சி என்று கொண்டாடினால் இங்குள்ள உற்பத்தியாளர் எங்கே போவார்?

புறக்கோட்டை_மைந்தன் (பவாய்) எழுதியது:

வணக்கம். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்து, தொழில் நிமித்தம் இப்போது மும்பையில் வசிப்பவன். எங்கள் குடும்பத்தினர் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உணவுப் பொருள் இறக்குமதி செய்து வந்தவர்கள். மிளகுக்கொடி அவர்களின் வேதனை எனக்கு விளங்குகிறது. மிளகின் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டும்.

மாத்தளையிலும் கண்டியிலும் மிளகு பயிரிடுவோர் பெரும்பாலும் வீட்டுத் தோட்டக்காரர்கள். அவர்களின் மிளகில் காரச்சத்து அதிகம் என்பதால் சாறு பிரித்தெடுக்கும் இந்தியத் தொழிற்சாலைகள் அதை விரும்பி வாங்கின, இந்தியாவே அவர்களுக்கு முதன்மையான சந்தையாக இருந்தது. ஐந்நூறு ரூபாய் என்று விலை வைத்தபோது, வியட்நாம் மிளகைக் கொண்டுவந்து பெயர் மாற்றியவருக்கும், தன் வீட்டு முற்றத்தில் உலர்த்திய மிளகை விற்றவருக்கும் ஒரே தண்டனை கிடைத்தது. மோசடி செய்தவர் வேறு பொருளுக்கோ வேறு வழிக்கோ மாறிக்கொள்வார். கொடி நட்டவருக்கு மாறிக்கொள்ள வழியில்லை. சந்தை விலை நானூறாக இருக்கும்போது ஐந்நூறுக்குக் குறைவாக வரக்கூடாது என்பது தடையன்றி வேறில்லை.

வனஸ்பதி குறித்தும் ஒரு செய்தி. அந்த ஆலைகளில் பல, இந்திய முதலீட்டாளர்கள் தங்கள் நாட்டின் அதிக இறக்குமதி வரியைத் தவிர்ப்பதற்காக இலங்கையில் வந்து நிறுவியவை. இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு விதித்து, தன் எண்ணெய் வரிகளையும் மாற்றியபோது அவர்கள் திரும்பிப் போனார்கள். அங்கே எஞ்சியவர்கள் வேலையிழந்த தொழிலாளர்கள்.

எங்கள் அரசின் பக்கம் குற்றமில்லை என்று நான் சொல்லமாட்டேன். இலங்கையில் 'விசேட வியாபாரப் பண்ட அறவீடு' என்று ஓர் இறக்குமதி வரி 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்து வருகிறது. பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, சீனி முதலியவற்றின் மீது வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் ஒன்றின் மூலம் ஒரே இரவில் அதை ஏற்றவும் இறக்கவும் முடியும். சிறுபோக வெங்காயம் தம்புள்ளைச் சந்தைக்கு வரும் மாதங்களில் ஏற்றுவார்கள், விலை உயர்ந்தால் இறக்குவார்கள். கப்பல் கொழும்பை நெருங்கும் வேளையில் வரி ஏறி, ஒரு முழுப் பருவத்தின் இலாபத்தை இழந்த இறக்குமதியாளர்களை நான் அறிவேன். அது போதாதென்று செஸ் வரியும் துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடும் தனியே உள்ளன. உடன்பாட்டின்படி சுங்கத் தீர்வை பூச்சியம் என்று எழுதியிருந்தாலும் இந்தியப் பொருளை இறக்குமதி செய்பவர் இவற்றைக் கட்டியே ஆக வேண்டும். ஆக, உறுதியின்மை இரு கரைகளிலும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், எங்கள் தவறு இந்தியாவை அசைப்பதில்லை, உங்கள் தவறு எங்களை உலுக்கிவிடுகிறது.

சரக்குப்பெட்டி எழுதியது:

மிக்க நன்றி. மிளகைப் பற்றிச் சொன்னது நியாயமான எதிர்வாதம். அதற்கு வருமுன் வெங்காயத்தைப் பற்றி விரிவாக எழுதிவிடுகிறேன். என் கருத்து உருவானதே அங்கிருந்துதான்.

நாசிக் மாவட்டத்து லாசல்கான் சந்தையில் ஏலம் எடுக்கப்படும் வெங்காயம் இரண்டொரு நாளில் நாவா சேவாவுக்கு வந்து, காற்றுத் துளை திறந்துவைத்த குளிர்பெட்டிகளில் ஏறி, கொழும்புக்குப் போகிறது. இடையில் இருப்பவர்கள் விவசாயி, ஏலத்தரகர், தரம் பிரித்துச் சாக்கில் கட்டும் பெண்கள், லாரிக்காரர், சுங்க முகவர், கப்பல் நிறுவனம், கொழும்பு இறக்குமதியாளர். இந்தச் சங்கிலி முழுவதும் ஓரிரு வாரக் கடனில் இயங்குகிறது. 2019 செப்டம்பர் 29 அன்று ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2020 செப்டம்பரில் மீண்டும் தடை. 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி, பின்னர் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை, டிசம்பர் 8 முதல் முழுத்தடை. அத்தடை 2024 மார்ச் முடிவில் முடியும் என்றார்கள், முடியவில்லை. மே மாதம் விலக்கப்பட்டபோதும் வரியும் விலை வரம்பும் தொடர்ந்தன. விலை வரம்பு 2024 செப்டம்பரில் நீங்கியது. எஞ்சிய வரி முற்றிலும் நீங்கியது 2025 ஏப்ரல் 1 அன்று.

2023 டிசம்பர் அறிவிக்கையில் யாருக்கு விலக்கு என்று பாருங்கள். அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கும், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) தாக்கலாகி, கப்பலும் துறைமுகத்தில் வந்து நின்றுவிட்ட சரக்குக்கும் வழி உண்டு. லாரியில் வந்துகொண்டிருந்ததற்கும், பெட்டியில் அடைத்து, சுங்கத்திடம் ஒப்படைக்கப்படாமல் கிடங்கில் காத்திருந்ததற்கும் கிடையாது. வெங்காயம் இரும்பல்ல. மின் இணைப்போடு யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறுகிறது, சரக்கின் தரம் இறங்குகிறது. இறுதியில் உள்ளூர்ச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

2019ஆம் ஆண்டுத் தடையின்போது வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா தில்லிக்கு வந்த இடத்திலேயே, முன்கூட்டித் தெரிவித்திருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போம் என்ற பொருள்படப் பேசினார். கொழும்பின் மனக்குறையும் அதுவே. தடை நீடித்த மாதங்களில் அவர்கள் பாகிஸ்தானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வாங்கினார்கள். 2024 ஏப்ரலில் இந்தியா இலங்கைக்கென்று 10,000 டன்னைச் சிறப்பு அனுமதியாக விடுவித்தது, அதற்குக் கொழும்பில் நன்றியும் தெரிவித்தார்கள். நான் இதை மகிழ்ச்சியோடு பார்க்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் விலை கொடுத்து வாங்கும் பொருளை உதவியாகப் பெற்று நன்றி சொல்லும் நிலை வணிகத்துக்கு நல்லதன்று. இதில் நாசிக் விவசாயி பயன்பெற்றாரா? அவர்களும் அந்த டிசம்பரில் ஏலத்தை நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். மிளகுக்கொடி அவர்கள் இதைக் கருத வேண்டும்: திடீர் அறிவிக்கை எப்போதும் விவசாயியின் பக்கம் நிற்பதில்லை.

முத்துநகர் (சயான்) எழுதியது:

தூத்துக்குடிக்காரன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணி வணிகம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த தடமும் அதுவே. ஆகவே இந்த வணிகம் 1998இல் பிறந்ததன்று, அப்போது எழுத்தில் வந்தது.

இன்றைய நிலையில் என்னை உறுத்துவது வேறு. தென்னிந்தியச் சரக்குப் பெட்டிகள் பெரிய கப்பலுக்காகக் கொழும்புக்குப் போய் மாற்றி ஏற்றப்படுகின்றன. நாவா சேவாவில் பெரிய கப்பல்கள் நேரடியாக வருவதால் மும்பை ஏற்றுமதியாளர்களுக்கு இந்தச் செலவும் தாமதமும் பெரும்பாலும் தெரிவதில்லை. திருப்பூர் ஆடைக்கும் தூத்துக்குடி கடல் உணவுக்கும் தெரியும். 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் 14 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள புதிய முனையம் திறக்கப்பட்டது, 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியச் சரக்கு இந்தியத் துறைமுகத்திலேயே ஏறினால் கொழும்பு என்ன செய்யும்? சிறிய நாட்டுக்கு உறுதி கொடுங்கள் என்னும் வாதம், நம் துறைமுகங்களை வளர்க்கக்கூடாது என்பதில் போய் முடியக்கூடாது.

மாட்டுங்கா_ஆசிரியை எழுதியது:

முத்துநகர் அவர்களுக்கு: அப்படி முடியத் தேவையில்லை. விழிஞ்ஞத்தை நடத்தும் அதே அதானி குழுமம் 51 விழுக்காட்டுப் பங்குடன் கொழும்பில் கட்டிய மேற்கு முனையம், விழிஞ்ஞம் அர்ப்பணிக்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. முதலீடு செய்பவரே இரண்டுக்கும் இடமிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார். துறைமுகங்கள் போட்டியிடட்டும். போட்டியால் சரக்கு இடம் மாறுவதை எந்த வணிகரும் முன்கூட்டிக் கணிக்க முடியும். அறிவிக்கையால் சரக்கு நிற்பதைக் கணிக்க முடியாது. நாம் பேசும் உறுதி இரண்டாவதைப் பற்றியது.

மிளகுக்கும் வனஸ்பதிக்கும் வருகிறேன். இதில் ஒரு பொது விதி இருக்கிறது, அதை இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. பெரிய நாடு ஒரு பொருளுக்கு உலகம் முழுவதற்கும் உயர்ந்த வரியை வைத்துக்கொண்டு, சிறிய அண்டை நாட்டுக்கு மட்டும் கதவைத் திறந்தால், அந்தக் கதவு வழியாக முதலில் பாய்ந்து வருவது அந்தச் சிறிய நாட்டின் சொந்தப் பொருளாக இருக்காது. நேபாளத்திலும் இதே கதைதான். 1996 உடன்படிக்கையில் இந்தியா ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் வரி நீக்கியது, வனஸ்பதி வந்து குவிந்தது, 2002இல் ஆண்டுக்கு 1 லட்சம் டன் என்ற வரம்பு வந்தது, செம்புக்கும் வரம்பு வந்தது. நாடு வேறு, பொருள்கள் அவையே. காரணம் நேபாளியரோ இலங்கையரோ அல்லர். சமையல் எண்ணெய்க்கும் உலோகத்துக்கும் அன்று இந்தியா வைத்திருந்த உயர்ந்த வரியே காரணம். மிளகின் பொது இறக்குமதி வரி, அதாவது சலுகை உடன்பாடு இல்லாத நாடுகளுக்கான வரி, 70 விழுக்காடு. வரி எவ்வளவு உயரமோ, அதைச் சுற்றிக்கொண்டு வருவதில் கிடைக்கும் இலாபமும் அவ்வளவு உயரம்.

உடன்பாட்டின் மூல விதி, அதாவது ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதி, 35 விழுக்காடு உள்நாட்டு மதிப்புக் கூட்டல் வேண்டும் என்கிறது. இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால் இலங்கையின் பங்கு 25 விழுக்காடு இருந்தாலே போதும். தொழிற்சாலைப் பொருளுக்கு இது பொருந்தும். மிளகோ பாக்கோ முழுக்க மண்ணில் விளைவது, அதற்கு விழுக்காட்டுக் கணக்கே வேண்டாம், எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதற்கான ஆவணம் வேண்டும். 2020 செப்டம்பர் முதல் இந்தியச் சுங்கம், சலுகை வரி கோரும் இறக்குமதியாளரே பொருளின் மூலத்தைப் பற்றிய விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சான்றிதழ் ஒன்றை நீட்டிவிட்டு ஒதுங்க முடியாது. இதைச் சரிவர நடத்தினால், நேர்மையான மிளகைத் தண்டிக்காமல் போலியைத் தடுக்க வழியுண்டு.

மிளகுக்கொடி எழுதியது:

ஆசிரியை அம்மா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. வெங்காயத்தைப் பொறுத்தவரை சரக்குப்பெட்டி அவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. வழியில் நிற்கும் சரக்கை விட்டுவிடுவது எந்த விவசாயியையும் கெடுக்காது.

ஆவணம் போதும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கிராம வணிகர் பலரிடம் கொள்முதல் செய்து, கொழும்பில் கலந்து, ஒரே பெட்டியில் அடைத்த மிளகு எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதற்கு யார் சான்று கூறுவார்? ஆய்வகத்தில் பார்த்துச் சொல்லலாம் என்றால் அதற்கு ஆகும் காலத்துக்குள் சரக்கு விற்று முடிந்திருக்கும். பாக்கிலும் இதே பிரச்சினை இருந்தது. அங்கும் அரசு குறைந்தபட்ச விலையைத்தான் நாடியது, 2023 பிப்ரவரியில் கிலோவுக்கு 251இலிருந்து 351 ரூபாயாக உயர்த்தவும் செய்தது. என் யோசனை இது: இலங்கையின் உண்மையான ஏற்றுமதித் திறனை இரு நாட்டு அமைப்புகளும் ஆண்டுதோறும் சேர்ந்து மதிப்பிடட்டும். அந்த அளவு வரை எந்தத் தடையும் இன்றி வரட்டும். எங்கள் அறுவடை சந்தைக்கு வரும் மாதங்களில் மட்டும் வரத்து சீராகப் பிரிக்கப்படட்டும். அந்த நாள்கள் உடன்பாட்டிலேயே அச்சாகி இருக்கட்டும். அப்போது எங்களுக்கும் தெரியும், மாத்தளைக்காரருக்கும் தெரியும்.

செம்பூர்_முதுகலை எழுதியது:

நான் மாணவன். பெரியவர்கள் பொருள் வணிகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 2024 பிப்ரவரியில் யூபிஐ இலங்கையில் அறிமுகமாகிவிட்டது, ரூபாயில் கணக்குத் தீர்க்கும் வழியும் திறந்திருக்கிறது. புதிய பேச்சில் சேவைத் துறையே முதன்மை என்கிறார்கள். அப்படியானால் வெங்காயமும் மிளகும் பழைய கதையாகிவிடாதா?

புறக்கோட்டை_மைந்தன் எழுதியது:

தம்பிக்கு: பழைய கதை தீராமல் புதியது தொடங்கவில்லை என்பதுதான் எங்கள் நாட்டின் அனுபவம். விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்பாடு ஒன்று 2008இல் கொழும்பு சார்க் மாநாட்டின்போது கையெழுத்தாகும் தறுவாயில் நின்றுபோனது. அதன்பின் வந்த பேச்சையும் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கமும் பிற தொழில்வல்லுநர் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. இந்திய மருத்துவரும் மென்பொருளாளரும் திரளாக வந்துவிடுவர் என்ற அச்சம் மிகையானது என்றே நான் கருதுகிறேன், இலங்கை தரும் சம்பளத்துக்கு மும்பையிலிருந்து யார் வரப்போகிறார்? ஆனால் அந்த அச்சத்துக்குத் தீனி போட்டது தேயிலை ஒதுக்கீடும் மிளகு விலையும்தான். பொருளில் எழுதியதை நடைமுறையில் தராதவர்கள் சேவையில் மட்டும் தருவார்களா என்று மேடையில் கேட்டால் கைதட்டல் கிடைக்கிறது, பதில் சொல்வது கடினம்.

இதன் எதிர்ப்புறமும் உண்டு. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்றபோது, எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடன் எக்சிம் வங்கியிலிருந்தும், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் கடன் பாரத ஸ்டேட் வங்கியிலிருந்தும், 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம் ரிசர்வ் வங்கியிலிருந்தும் வந்தன. மூன்றுக்கும் தலைமையகம் இதே தென் மும்பையில்தான். இந்தியாவின் மொத்த உதவி சுமார் 400 கோடி டாலர். தமிழ்நாட்டு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் மருந்தும் சென்னையிலிருந்து 2022 மே மாதம் கப்பலேறின. வரிசையில் நின்ற எங்கள் மக்கள் அதை மறக்கவில்லை. பெரிய அண்டை நாடு இடர்க்காலத்தில் பேருள்ளத்தோடு நடந்துகொள்வதும், சாதாரணக் காலத்தில் முன்னறிவிப்பின்றி நடந்துகொள்வதும் ஒரே நாட்டின் இரு செயல்களாக இருப்பதுதான் எங்களைக் குழப்புகிறது.

நாங்களும் கதவை அடைத்தவர்களே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தோம். இந்த மகாராட்டிரத்தில் தயாராகி எங்கள் தெருக்களை நிறைத்த முச்சக்கர வண்டிகளின் புதிய வரவு அத்தனை ஆண்டுகள் நின்றுபோனது. அன்னியச் செலாவணி இல்லை என்பது உண்மையான காரணம். ஆயினும் முகவர்களும் உதிரிப்பாக வணிகர்களும் எப்போது திறக்கும் என்ற ஒரு தேதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

சரக்குப்பெட்டி எழுதியது:

எல்லோருடைய கருத்துகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, எங்கள் தொழில் சங்கத்தின் வழியாக அனுப்ப எண்ணியிருக்கும் மனுவில் இவற்றை எழுதலாம் என்று தோன்றுகிறது. ஏற்றுமதித் தடையோ புதிய வரியோ வரும்போது, அறிவிக்கை நாளுக்கு முன் உறுதி செய்யப்பட்ட வங்கிக் கடனுறுதிக் கடிதம் உள்ள சரக்கும், பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுக் கிடங்கில் நிற்கும் சரக்கும் விலக்கு பெற வேண்டும். இலங்கை தன் விசேட அறவீட்டை மாற்றும்போதும் இதே விதி பொருந்த வேண்டும், கடலில் இருக்கும் கப்பலுக்குப் பழைய வரியே ஆகட்டும். இலங்கையின் இயல்பான ஆண்டுத் தேவையைக் கணக்கிட்டு, தடைக்காலத்திலும் அந்த அளவை வழக்கமான வணிகர் வழியாகவே விற்கும் ஏற்பாட்டை உடன்பாட்டில் சேர்க்கக் கேட்கலாம்.

மிளகுக்கொடி அவர்கள் சொன்ன கூட்டு மதிப்பீட்டையும் அறுவடைக்கால நாள்களையும் நான் முழுமனதோடு சேர்க்கிறேன். குறைந்தபட்ச விலை கூடாது என்பதை மனுவில் எழுதுவேன், அதில் அவருக்கு உடன்பாடில்லை என்பதை அறிவேன்.

மிளகுக்கொடி எழுதியது:

எழுதுங்கள், ஐயா. கூட்டு மதிப்பீடு நடைமுறைக்கு வந்து, இரண்டு அறுவடைகள் அதன்படி நடந்தேறும் வரை குறைந்தபட்ச விலை இருக்க வேண்டும், அதன்பின் விலகட்டும் என்பதை என் தனிக் கருத்தாக அந்த மனுவின் கீழேயே இணைத்துவிட முடியுமா? புறக்கோட்டை நண்பருக்கு இதில் மறுப்பு இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்பலாம். இரு கரை விவசாயிகளும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே மாறுபடுகிறார்கள் என்பதை அதிகாரிகள் ஒரே தாளில் பார்க்கட்டும்.

புறக்கோட்டை_மைந்தன் எழுதியது:

எனக்கு மறுப்பு உண்டு, இரண்டு அறுவடை என்பது மாத்தளைச் சிறு தோட்டக்காரருக்கு மிக நீண்ட காலம். ஒரு அறுவடை என்றால் கையொப்பமிடுகிறேன். வரைவை இங்கே பதிவிடுங்கள், அறவீடு பற்றிய பகுதியை நான் எழுதித் தருகிறேன்.